எம்.ஐ.ஏ.வின் புதிய ஆல்பம் 'மாதா': டர்பன் காதுகளுக்கு எப்படிக் கேட்கிறது?

சாட்ஸ்வொர்த்_மகள் | 20 அக்டோபர் 2022, இரவு 9.14

இலங்கைத் தமிழ் வேருள்ள லண்டன் ராப் பாடகி எம்.ஐ.ஏ.வின் 'மாதா' அக்டோபர் 14ஆம் தேதி வெளியானது. ஒரு வாரம் ஆகப்போகிறது, இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனவே நானே தொடங்குகிறேன்.

2016இல் 'எய்ம்' வந்தபோது அதுவே தன் கடைசி ஆல்பமாக இருக்கலாம் என்று எம்.ஐ.ஏ. சொல்லியிருந்தார். ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இப்போது பதின்மூன்று பாடல்கள். மொத்தமே அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். எங்கள் வீட்டில் புரட்டாசி முடிகிறவரை கோவிந்தன் பாட்டைத் தவிர வேறு எதுவும் ஒலிக்கக் கூடாது. கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் இது வெளிவந்ததால் முதலில் ஹெட்போனில்தான் கேட்டேன்.

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2007இல் வந்த 'கலா'வுக்கு இது ஈடில்லை. ஆனாலும் இதை ஒதுக்கிவிட முடியவில்லை. தொடக்கத்தில் இரண்டு பகுதிகளாக வரும் பாட்டில் பழைய வேகம் இருக்கிறது. 'தி ஒன்' மெதுவான பாட்டு. அவர் குரலை இவ்வளவு மென்மையாக நான் கேட்டதில்லை. 'பாப்புலர்' ஆடவைக்கிறது. நடுவில் சில பாடல்கள் சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடுகின்றன. 'புத்தி' என்று தமிழ்ப் பெயர் வைத்த ஒரு பாட்டும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து, மாலை வகுப்பில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். உலகம் முழுவதும் விற்கிற ஆல்பத்தின் பாடல் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை இங்கே சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

ஜோபர்க்_யாழ்ப்பாணத்தான் | 20 அக்டோபர் 2022, இரவு 10.40

தங்கச்சி, நீங்கள் தொடங்கியது நல்லது. நான் கொஞ்சம் கடுமையாகவே எழுதப்போகிறேன்.

என் போன்றவர்களுக்கு எம்.ஐ.ஏ.வின் பாட்டைப் பாட்டாக மட்டும் கேட்க முடியாது. 2009 பிப்ரவரியில் கிராமி மேடையில் நிறைமாத வயிற்றோடு நின்று பாடினார். அதே வாரங்களில் வன்னியில் எங்கள் சனம் குண்டுகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தப் போரைப் பற்றிப் பேச அன்று எங்களுக்கு வேறு பிரபலம் யார் இருந்தார்? அதற்காக அவர் வாங்கிய ஏச்சும் கொஞ்சநஞ்சம் அல்ல. அந்தக் கடன் எனக்கு இருக்கிறது. அவருடைய தகப்பனார் ஈரோஸ் என்ற ஈழ விடுதலை இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். முதல் ஆல்பத்துக்கு அவருடைய இயக்கப் பெயரையே 'அருளர்' என்று வைத்தார், இரண்டாவதுக்குத் தாயின் பெயர், 'கலா'. அப்படிப்பட்டவரின் ஆல்பத்தை நான் நடுநிலையோடு கேட்கிறேன் என்று சொன்னால் அது பொய்.

ஆனால் கடன் வேறு, காது வேறு. 'மாதா'வில் பாதிப் பாடல்கள் முடிக்கப்படாத வரைவுகளாகவே இருக்கின்றன. 'பாப்புலர்' பாட்டின் தாளம் நன்றாகத்தான் இருக்கிறது. தயாரிப்பாளர் டிப்ளோவின் கை பட்டிருக்கிறது, நன்றாக இல்லாமல் போகுமா? ஆனால் அது சொல்லும் விஷயம் என்ன? இணையத்தில் புகழ் தேடும் பைத்தியம். அதைச் சொல்ல இவர் வேண்டுமா? 'கலா'வில் வந்த 'பேப்பர் ப்ளேன்ஸ்' எல்லையில் நிற்கும் அகதியின் பயத்தையும் அவனைப் பார்த்துப் பயப்படுகிறவர்களின் பயத்தையும் ஒரே பாட்டில் வைத்தது. அந்தக் கூர்மை இங்கே எங்கே?

ஆல்பம் வந்த வாரத்தில் தடுப்பூசி பற்றி அவர் ட்விட்டரில் எழுதியதால் எழுந்த சர்ச்சையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் நண்பர்கள் பலர் அந்தக் கோபத்தில் ஆல்பத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது பாட்டுக்குச் செய்த அநியாயம் என்றாலும் அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

---

மேளக்கார_மாமா | 21 அக்டோபர் 2022, காலை 6.05

வணக்கம். எனக்கு ராப் பாட்டு தெரியாது. என் மருமகன் இந்த இழையைக் காட்டினான். தாளத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாற்பது வருடத்துக்கு மேலாகக் கோயிலில் தப்பு மேளம் அடிக்கிறேன். மருமகன் முதலில் 'கலா'வில் இருக்கும் 'பேர்ட் ஃப்ளூ' பாட்டைப் போட்டான். முதல் அடி விழுந்ததும் இது உறுமி என்று சொல்லிவிட்டேன். உறுமியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் தோல் கட்டிய கருவி. ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்க வேண்டும், மறுபக்கத்தை நேரான குச்சியால் அடிக்க வேண்டும். தேய்க்கும்போது வரும் ஓசை மாட்டின் அடிவயிற்றிலிருந்து வருகிறது போல இருக்கும். அந்தப் பாட்டில் ஒரு கூட்டமே உட்கார்ந்து அடிக்கிறது. ஒருவர் கை மற்றவர் கையைவிட ஒரு மயிரிழை பிந்துகிறது, அடுத்த சுற்றில் அவரே முந்துகிறார். சாமி வருவது அந்த மயிரிழையில்தான். காவடி எடுத்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பிறகு 'மாதா'வைப் போட்டான். அதிலும் நம் ஊர்த் தாளத்தின் சாடை இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் காதுக்குக் கேட்பது வெட்டி ஒட்டிய துண்டு. ஒரு அடியை எடுத்து அதையே திரும்பத் திரும்பப் போட்டால் அது அளவாக இருக்கும், சுத்தமாகவும் இருக்கும். ஆனால் அதில் ஆள் இல்லை. நாங்கள் ஊர்வலம் புறப்படும் முன் செய்தித்தாளைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவோம். தோல் இறுகினால்தான் சத்தம் எழும். ஒரு மணி நேரத்தில் காற்றின் ஈரம் பட்டுத் தளர்ந்துவிடும், டர்பன் காற்று அப்படிப்பட்டது. மறுபடி காய்ச்சுவோம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் சத்தம் இறங்குவதை அடிக்கிறவனும் ஆடுகிறவனும் உடம்பில் உணர்வார்கள். இந்த ஆல்பத்தில் தோல் தளர்வதே இல்லை.

---

ரோஸ்ஹில்_ஆசிரியை | 21 அக்டோபர் 2022, மாலை 4.32

மொரீசியஸிலிருந்து எழுதுகிறேன். மாமா அவர்களின் பதிவைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் செகா இசைக்கு உயிர் ரவான். ஆட்டுத்தோல் கட்டிய அதையும் நெருப்பில் காட்டிவிட்டுத்தான் அடிப்பார்கள். அது ஆப்பிரிக்க அடிமைகளின் வழியாக வந்தது, தப்பு எங்கள் முன்னோரோடு கப்பலில் வந்தது. இரண்டு தோலுக்கும் ஒரே நெருப்பு.

நான் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பத்திரிகையைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள், தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, வகுப்பறையில் தமிழ் இருக்கிறது, நாவில்தான் இல்லை. தைப்பூசக் காவடிக்கு நாடே விடுமுறை விடுகிறது. அன்று இந்தப் பிள்ளைகள் பொருள் தெரியாத பாட்டைக் கண்ணீர் விட்டுப் பாடுகிறார்கள். இதைக் குறையாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். நான் அப்படிப் பார்க்கவில்லை. மொழி போன வீட்டில் பாட்டு தங்கியிருக்கிறது, அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு மொழிக்குள் திரும்பிப் போகலாம் என்று நம்பித்தான் ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் போகிறேன்.

எனவே 'மாதா'வில் தமிழ் எத்தனை வரி என்று எண்ணுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். என் மாணவர்களில் பெரிய பிள்ளைகள் இந்தப் பாடகி தமிழ்ப்பெண் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சினிமாப் பாட்டுக்கு அவர்கள் அப்படி நிமிர்ந்ததில்லை, ஏனென்றால் அது இந்தியாவுடையது என்று அவர்களுக்குத் தெரியும். இவர் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக இலங்கைக்குப் போய், பத்து வயதில் அகதியாக லண்டனுக்கே திரும்பியவர். ஊர் கலைந்தவர்களின் தமிழ் இது. எங்களுடையதும் அதுதான்.

ஆல்பம் எப்படி? எனக்குப் பிடித்திருக்கிறது. குறிப்பாக 'தி ஒன்', பிறகு கடைசிப் பாட்டு 'மேரிகோல்ட்'.

---

இசிப்பிங்கோ_பக்தன் | 21 அக்டோபர் 2022, இரவு 8.20

எல்லோரும் இசையைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். தனக்கு இயேசுவின் தரிசனம் கிடைத்தது என்று இந்த ஆண்டு வெளிப்படையாகப் பேட்டி கொடுத்தவர் இவர். அது அவர் விருப்பம், மதிக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு ஆட்டப்பாட்டு ஆல்பத்துக்கு 'மாதா' என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்? எங்கள் மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் வாரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். அவள் எங்களுக்கு உயிர். அவளுடைய மேளத்தையும் பெயரையும் கிளப்பில் ஒலிக்கவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

---

சாட்ஸ்வொர்த்_மகள் | 21 அக்டோபர் 2022, இரவு 10.02

பக்தன் அண்ணா, உங்கள் மனம் நோவது புரிகிறது. ஆனால் நம் வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

என் ஆயா கடைசிவரை ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றியவர். அவருடைய இளைய மகள், என் சின்னம்மா, பெதஸ்தா சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். 1931இல் பாஸ்டர் ரோலண்ட்ஸ் தொடங்கிய அந்தச் சபையும் அதற்குப் பின் வந்த பல சபைகளும் டர்பன் தமிழ்க் குடும்பங்களில் நுழையாத தெரு எது? கூழ் ஊற்றும் நாளில் சின்னம்மா பிரசாதம் வாங்கமாட்டார். ஆனால் முதல் நாள் இரவே வந்து வெங்காயம் உரித்துக் கொடுப்பார், பெரிய பானையைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஆயா இறந்தபோது ஒரு அறையில் தேவாரமும் பின்கட்டில் ஜெபமும் நடந்தன. யாரும் யாரையும் அடக்கவில்லை.

'மாதா'வை நான் கேட்கும்போது எனக்குக் கேட்பது அந்த வீடுதான். தெய்வத்தின் பெயரும் புதிய விசுவாசமும் கோபமும் நடனமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒரே கூரைக்குள் இருக்கின்றன. செண்டுப்பூவின் பெயர் வைத்த அந்தக் கடைசிப் பாட்டு கிட்டத்தட்ட ஒரு வேண்டுதல். உலகம் துன்பத்தில் கிடக்கிறது, ஓர் அற்புதம் வேண்டும் என்று கேட்கிறது. யாரிடம் கேட்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்த ஆல்பத்தின் குறைகளை நானும் சொன்னேன், இன்னமும் சொல்வேன். ஆனால் கலந்ததைக் குறை என்று சொல்லமாட்டேன். அந்தக் கலப்புதான் இதன் பலம். அதை அவர் இன்னும் துணிந்து செய்திருக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.

---

மேளக்கார_மாமா | 22 அக்டோபர் 2022, காலை 5.50

பக்தன் தம்பிக்கு ஒரு வார்த்தை. தப்பு கோயிலுக்கு மட்டும் சொந்தமானதாக என்றைக்கு இருந்தது? என் தாத்தா கல்யாணத்துக்கு அடித்தார், சாவுக்கு அடித்தார், ஆறடிக் கூத்து என்று இங்கே சொல்லும் தெருக்கூத்து நடக்கும் இரவுகளில் கரும்புத் தோட்டத்து லைன் வீடுகளுக்கு முன்னால் அடித்தார். சாவுக்கு அடிக்கிறவன் என்பதற்காகவே அவரைத் திண்ணையில் உட்காரவிடாத குடும்பங்களும் இருந்தன. இதையெல்லாம் நாம் எழுதுவதில்லை. தப்பைச் சாமியின் மேளம் என்று உயர்த்திச் சொல்வது சந்தோஷம்தான், ஆனால் அடித்த கையை அன்று யாரும் உயர்த்தவில்லை. இந்தப் பெண் உறுமிக்காரர்களைச் சென்னையில் உட்காரவைத்து அடிக்கச் சொல்லி, அதை உலகம் கேட்கும்படி செய்தார். எனக்கு அது மரியாதையாகத்தான் தெரிகிறது. கிளப்பில் ஒலிப்பது எனக்குக் குறையில்லை. இந்த முறை போதுமான அளவு ஒலிக்கவில்லை என்பதுதான் குறை.

---

பீனிக்ஸ்_பையன் | 22 அக்டோபர் 2022, பகல் 1.17

மாமா, உங்களோடு ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை போட அனுமதி கொடுங்கள். என் தமிழில் பிழை இருந்தால் ஆசிரியை அக்கா திருத்திவிடுவார்.

வெட்டி ஒட்டிய துண்டில் ஆள் இல்லை என்கிறீர்கள். நான் வீட்டில் கணினியில் கோம் இசை செய்கிறவன். 2010களின் தொடக்கத்தில் நம் டர்பன் டவுன்ஷிப் பையன்கள் விலை மலிந்த கணினியில் செய்த இசை அது. ஸ்டூடியோ கிடையாது, பாடகர் கிடையாது, மினிபஸ் டாக்சிக்காரர்கள்தான் ஊர் முழுவதும் கொண்டுபோனார்கள். அதில் ஓர் அடியே திரும்பத் திரும்ப வரும். ஆனால் எந்த இடத்தில் அடியை விடாமல் நிறுத்துகிறோம் என்பதில் எங்கள் கை இருக்கிறது. நாலாவது அடி வரும் என்று உடம்பு காத்திருக்கும்போது அது வராது. அந்த வெற்றிடத்தில் கூட்டம் கத்தும். உங்கள் மயிரிழை மாதிரி எங்களுக்கு அந்த வெற்றிடம்.

எம்.ஐ.ஏ.வும் இப்படித்தான் தொடங்கினார். 'அருளர்' காலத்தில் அவர் கையில் இருந்தது ரோலண்ட் எம்.சி.505 என்ற ஒரு மின்னணுத் தாளப் பெட்டி. இசை படித்தவர் அல்ல, ஓவியமும் திரைப்படமும் படித்த கலைக்கல்லூரி மாணவி. பிறகு அமெரிக்க விசா கிடைக்காமல் போனதால் 'கலா'வை இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா என்று ஊர் ஊராகப் போய்ச் செய்தார். அந்த ஆல்பத்தில் மனிதர்கள் நிறைந்திருப்பதற்கு அதுவே காரணம். கதவு மூடப்பட்டதால் அவர் தெருவுக்குப் போனார். 'மாதா'வில் பெரிய தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள், தெரு இல்லை. எனவே மாமா சொல்வதில் முடிவு சரி, காரணம்தான் வேறு. குற்றம் கணினியுடையது அல்ல.

'பாப்புலர்' வீடியோவில் தன்னைப் போலவே இருக்கும் ரோபோவுக்கு அவர் ஆடக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்தீர்களா? என் நண்பர்கள் அதைத்தான் மறுபடி மறுபடி பார்க்கிறார்கள்.

---

ஜோபர்க்_யாழ்ப்பாணத்தான் | 22 அக்டோபர் 2022, மாலை 6.45

தம்பி, விசாக் கதையை நீ இணைத்த விதம் அருமை. நான் வரைவு என்று சொன்னதற்கு அதுதான் விளக்கமாக இருக்கும். ஆசிரியை அவர்களுக்கும் ஒரு பதில்: ஊர் கலைந்தவர்களின் தமிழ் என்பதை ஏற்கிறேன். ஆனால் 1860இல் ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்கு டர்பனுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் 1980களில் ஓடிவந்த எங்களுக்கும் இழந்தது ஒன்றல்ல. உங்களுக்கு மொழி போய் வழிபாடு நிலைத்தது. எங்களுக்கு மொழி நிலைத்து, ஊர் போனது. நான் தமிழ் வரியைத் தேடவில்லை, அது என்னிடம் இருக்கிறது. அவர் பாட்டில் நான் தேடுவது எங்கள் ஊர் எரிந்த கதையை. 'மாதா'வில் அவர் அதைத் தாண்டி அமைதியைத் தேடிப் போய்விட்டார். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. நான் இன்னும் போகவில்லை, அவ்வளவுதான்.

---

ரோஸ்ஹில்_ஆசிரியை | 23 அக்டோபர் 2022, காலை 11.10

அண்ணா, உங்கள் பதிவை எழுந்து நின்று படிக்கத் தோன்றியது. நீங்கள் வைத்த வேறுபாட்டை மறுக்கமாட்டேன்.

ஆனால் கலப்பைப் பற்றி ஒன்று. எங்கள் காயா செகாவையும் ரெகேயையும் இணைத்து செகே என்று ஓர் இசையை வளர்த்தார். 1999 பிப்ரவரியில் அவர் போலீஸ் காவலில் இறந்தபோது நாடே கொந்தளித்தது. அவருடைய எல்லாப் பாட்டும் சமமாக நன்றாக இருந்ததா என்று இன்று யாரும் கேட்பதில்லை, அவர் திறந்த வழியில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறோம். 'மாதா'வை நாம் இத்தனை நுணுக்கமாக எடை போடுவது நல்லதுதான். அதே நேரத்தில் பீனிக்ஸ் தம்பியைப் போன்ற பிள்ளைகள் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பின் ஆறாம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வீர்களே. அந்தப் பெயருக்கு ஓசை கொடுக்கப் போவது இந்தப் பிள்ளைகள்தான்.

---

இசிப்பிங்கோ_பக்தன் | 23 அக்டோபர் 2022, இரவு 7.55

தங்கச்சி, மாமா இருவரின் பதிலையும் படித்தேன். பெயர் விஷயத்தில் என் மனம் மாறவில்லை. ஆனால் தப்புக்காரரைத் திண்ணையில் உட்காரவிடாத கதையை எங்கள் கோயில் கூட்டத்தில் எழுப்பப் போகிறேன். இந்த வருடமும் மேளக்காரர்களுக்குச் சாப்பாடு கடைசிப் பந்தியில்தான் போட்டோம்.

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

---

பீனிக்ஸ்_பையன் | 25 அக்டோபர் 2022, மாலை 5.30

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர்களிடம் 'மாதா'வையும் 'கலா'வையும் மாற்றி மாற்றிப் போட்டேன். வயதானவர்கள் எழுந்து ஆடியது 'பேர்ட் ஃப்ளூ'வுக்கு. என் வயதுக்காரர்கள் மறுபடி போடச் சொன்னது 'பாப்புலர்'. 'தி ஒன்' பாட்டுக்கு என் அம்மா சமையலறையிலிருந்து வந்து யார் பாடுவது என்று கேட்டார். மற்றவை பேச்சில் கரைந்துபோயின.

மாமா, ஒரு விண்ணப்பம். உங்கள் தப்பைப் பதிவு செய்ய அனுமதி தருவீர்களா? வெட்டி ஒட்டமாட்டேன். தோல் காய்ந்ததிலிருந்து தளர்கிறவரை முழுவதையும் எடுத்து, அது இறங்க இறங்க என் கோம் தாளமும் கூடவே இறங்கும்படி செய்து பார்க்க ஆசை.

---

மேளக்கார_மாமா | 26 அக்டோபர் 2022, காலை 6.00

தாராளமாக வா. சஷ்டி விரதம் நடக்கிறது, சூரசம்ஹாரம் முடிந்த பிறகு வரும் சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கோயில் பின்பக்கம் வந்தால் சரி. அறைக்குள் வேண்டாம், தப்பு வெளியில்தான் பேசும். பழைய செய்தித்தாள் ஒரு கட்டு கொண்டுவா. அன்றைக்கு மின்வெட்டு எத்தனை மணிக்கு என்றும் பார்த்துக்கொள், உன் பெட்டிக்கு மின்சாரம் வேண்டுமே. இரண்டு பையன்களையும் கூப்பிடுகிறேன், ஒற்றைத் தப்பில் உனக்கு அந்த மயிரிழை கிடைக்காது.